பறித்த கையே திருப்பித் தந்த பதக்கம்

ஒலிம்பிக் பந்தயங்களின் வரலாற்றில் தோற்றவர் பலர்; வென்றவர் சிலர். வென்றபின் வெல்லாதவராக ஏட்டில் எழுதப்பட்டு, மாண்டபின் மீண்டும் வென்றவராக எழுதப்பட்டோர் மிக மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் அமெரிக்க நாட்டு ஜிம் தோர்ப்.

1912 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் ஐவகைப் போட்டி, பத்துவகைப் போட்டி ஆகிய இரண்டிலும் அவர் முதல்வராக வந்தார். ஓராண்டு நிறைவதற்குள் அவ்விரு வெற்றிகளும் ஏடுகளிலிருந்து நீக்கப்பட்டன. 1982 இல் அவை பாதியளவு திருப்பித் தரப்பட்டன. 2022 இல்தான் முழுமையாகத் தரப்பட்டன. களத்தில் மூன்று நாளில் முடிந்த ஒரு போட்டியின் தீர்ப்பு, ஏட்டில் முடிவதற்கு 110 ஆண்டுகள் ஆயின.

தோர்ப்பை வீழ்த்தியது எந்த எதிராளியின் காலும் அன்று, கையும் அன்று, ஒரு விதி. அந்த விதி யாரால், யாருக்காக இயற்றப்பட்டது, அது தன் சொற்படியேனும் நடத்தப்பட்டதா என்னும் வினாக்களே அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஒரு விளையாட்டு வீரரின் கதை என்னும் எல்லைக்கு அப்பால் கொண்டு செல்கின்றன.

பத்துவகைப் போட்டி

‘டெக்காத்லன்’ என்னும் கிரேக்க வழிப் பெயருடைய பத்துவகைப் போட்டி, ஒரே வீரர் பத்துப் பந்தயங்களில் கலந்துகொண்டு, ஒவ்வொன்றிலும் தாம் காட்டிய திறனுக்கேற்பப் புள்ளிகள் பெறும் போட்டியாகும். 100 மீட்டர், 400 மீட்டர், 1500 மீட்டர் ஓட்டங்கள், 110 மீட்டர் தடை ஓட்டம், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், கோல் ஊன்றித் தாண்டுதல், குண்டு எறிதல், வட்டு எறிதல், ஈட்டி எறிதல் ஆகியவை அப்பத்துமாம்.

இவற்றுள் ஒன்றுக்கு வேண்டிய உடற்கூறு மற்றொன்றுக்குத் தடையாக நிற்பதே இப்போட்டியின் அருமை. குண்டெறிபவருக்குத் தோளும் எடையும் வேண்டும். 1500 மீட்டர் ஓடுபவருக்கு அந்த எடையே சுமையாகிவிடும். விரைவாக ஓடுபவர் கோலூன்றித் தாண்ட அஞ்சுவார். உயரம் தாண்டுபவருக்கு ஈட்டி கையில் நிற்காது. ஆகவே பத்தில் ஒன்றில் உலகத்தை வெல்வதைக் காட்டிலும், பத்திலும் பின்தங்காமல் இருப்பதே இங்கு வெற்றி தருவது. இதில் முதல்வராக வருபவரை உலகின் தலைசிறந்த மெய்வல்லுநர் என்று போற்றும் வழக்கம் இதனாலேயே எழுந்தது. இன்று இரண்டு நாள்களில் நடத்தப்படும் இப்போட்டி, இப்போதுள்ள வடிவில் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 1912 இல் ஸ்டாக்ஹோமில்தான். அன்று அது மூன்று நாள்கள் நடைபெற்றது.

பிறப்பும் இளமையும்

இன்று ஒக்லஹோமா மாநிலமாக விளங்கும் பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ‘இந்தியர் நிலப்பகுதி’ என்று வழங்கியது. வெள்ளையர் குடியேற்றம் மேற்கு நோக்கிப் பரவப் பரவ, செவ்விந்தியர் என்று பிறரால் அழைக்கப்பட்ட அமெரிக்கப் பழங்குடி மக்கள் தம் சொந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டு அங்குக் குடியமர்த்தப்பட்டனர். அவ்வாறு குடியமர்ந்த சாக், பாக்ஸ் என்னும் குடிகளின் மரபில், 1887 ஆம் ஆண்டு மே மாதம் தோர்ப் பிறந்தார் என்பது பெரும்பாலோர் கொள்ளும் கருத்து. தந்தை வழியிலும் தாய் வழியிலும் ஐரோப்பியக் கலப்பும் பழங்குடிக் குருதியும் சேர்ந்திருந்தன. குடிமரபின்படி அவருக்கு இடப்பட்ட பெயர் ‘வா தோ ஹக்’ என்பது. ஒளி படர்ந்த பாதை என்று அதற்குப் பொருள் கூறுவர்.

பெயரில் இருந்த ஒளி இளமையில் இல்லை. அவருடன் இரட்டையராகப் பிறந்த சகோதரன் சார்லி சிறு வயதிலேயே நோயுற்று மாண்டான். சில ஆண்டுகளில் தாயும், அவரையடுத்துத் தந்தையும் மறைந்தனர். பள்ளியை விட்டு மீண்டும் மீண்டும் ஓடிவந்த சிறுவன், முதலில் கான்சாஸ் மாநிலத்து ஹாஸ்கல் பள்ளிக்கும், பின்னர் 1904 இல் பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் நகரில் இருந்த இந்தியர் தொழிற்பள்ளிக்கும் அனுப்பப்பட்டான்.

கார்லைல் பள்ளி

தோர்ப்பின் புகழுக்கும் வீழ்ச்சிக்கும் விதை அங்கேதான் விழுந்தது. ஆதலால் அப்பள்ளியைப் பற்றிச் சற்று விரிவாக அறிதல் தகும்.

1879 இல் ரிச்சர்டு பிராட் என்னும் படைத்துறை அலுவலர் பழைய படைவீடு ஒன்றில் அப்பள்ளியைத் தொடங்கினார். பழங்குடிச் சிறுவரை அவர்தம் பெற்றோரிடமிருந்து நெடுந்தொலைவு பிரித்துக் கொணர்ந்து, அவர்களுடைய இனப் பண்பை அறவே அழித்து, வெள்ளையரின் சாயலில் வார்த்தெடுப்பதே அதன் நோக்கம். பள்ளிக்குள் நுழைந்ததும் பிள்ளைகளின் நீண்ட கூந்தல் வெட்டப்பட்டது. தாய்மொழியில் பேசுதல் விலக்கப்பட்டது. புதுப் பெயர்கள் சூட்டப்பட்டன. அரை நாள் பாடமும் அரை நாள் கைத்தொழிலும் கற்பித்து, இடையிடையே வெள்ளையர் பண்ணைகளுக்கு வேலையாளாகவும் அனுப்பிவைத்தனர். தாய்மொழியை இழந்த ஒரு தலைமுறை தன் முன்னோரையே இழக்கும் என்பதை அப்பள்ளியை நடத்தியோர் நன்கறிந்தே செய்தனர்.

அப்பள்ளி கல்லூரி அன்று. எனினும் அதன் கால்பந்துக் குழு அமெரிக்காவின் பெரும் பல்கலைக்கழகங்களுடன் மோதியது. இங்குக் கால்பந்து எனப்படுவது அமெரிக்கர்க்கே உரிய, கையாலும் காலாலும் ஆடப்படும் முரட்டு ஆட்டமாகும். ஆட்டங்களைக் காணத் திரண்ட கூட்டத்தின் நுழைவுக் கட்டணம் பள்ளிக்குப் பெரும் வருவாய் ஆயிற்று. அக்குழுவின் பயிற்சியாளர் ‘பாப்’ வார்னர் என்று புகழ்பெற்ற கிளென் வார்னர்.

1907 ஆம் ஆண்டு ஒரு நாள், தோர்ப் வேலை உடையுடன் திடலைக் கடந்து செல்லும்போது, உயரம் தாண்டும் மாணவர் சிலர் 5 அடி 9 அங்குலத்தில் தடுமாறுவதைக் கண்டு, தாமும் முயல இசைவு கேட்டு, அவ்வுடையுடனேயே தாண்டிவிட்டு நடந்தார் என்பது கார்லைல் மரபில் வழங்கும் செய்தி. அன்றுமுதல் அவர் வார்னரின் கண்காணிப்பில் வந்தார்.

1911 இல் கார்லைல் குழு புகழ்மிக்க ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை 18-15 என்னும் கணக்கில் வென்றது. பந்தை உதைத்துக் கம்பத்தினிடையே செலுத்தும் முறையில் நான்கு முறை புள்ளிகள் ஈட்டி, அவ்வெற்றிக்குத் தோர்ப்பே காரணர் ஆனார். நிலமும் மொழியும் பறிக்கப்பட்ட ஒரு மக்களின் பிள்ளைகள், பறித்தவர்தம் உயர்ந்த கல்விக்கூடத்தை அவர்களுடைய ஆட்டத்திலேயே வென்றனர்.

இரண்டு வேனிற்காலங்கள்

இதற்கு முன்னர் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியை இங்கே குறித்தல் வேண்டும். 1909 இல் தோர்ப் பள்ளியை விட்டு வட கரோலினா மாநிலம் சென்றார். அங்கு ராக்கி மவுண்ட் என்னும் ஊரின் பேஸ்பால் குழுவில் அவ்வேனிற்காலமும் அடுத்த வேனிற்காலமும் ஆடினார். அது சிற்றூர்க் குழுக்களின் சிறு போட்டித் தொடர். அவருக்குக் கிடைத்த ஊதியமும் சிறிது. ஆட்டத்துக்கு 2 டாலர் என்றும், வாரத்துக்கு 35 டாலர் என்றும் பலவாறு கூறப்படுகின்றது. கல்லூரி மாணவர் பலர் வேனிற்காலத்தில் இவ்வாறு ஆடிப் பொருளீட்டுவது அக்காலத்து வழக்கமே. அவர்கள் புனைபெயரில் ஆடினர். தோர்ப் தம் சொந்தப் பெயரில் ஆடினார். 1911 இல் கார்லைலுக்குத் திரும்பினார். இவ்வளவே செய்தி. இதுவே பின்னர் மலையாக எழுந்தது.

ஸ்டாக்ஹோமில்

1912 ஜூலை 7 ஆம் நாள் ஐவகைப் போட்டி ஒரே நாளில் நடந்தது. நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், 200 மீட்டர் ஓட்டம், வட்டு எறிதல், 1500 மீட்டர் ஓட்டம் என்பன ஐந்து. முதலிடத்துக்கு ஒன்று, இரண்டாமிடத்துக்கு இரண்டு என எண்ணிட்டு, குறைந்த கூட்டுத்தொகை பெறுபவரே வெற்றியாளர். தோர்ப் நான்கில் முதலிடமும், ஈட்டி எறிதலில் மட்டும் மூன்றாமிடமும் பெற்றார். அவரது கூட்டுத்தொகை 7. நார்வே நாட்டுப் பெர்டினாண்டு பியே இரண்டாவதாக வந்தார்.

இதனோடு அமையாமல், தனிப் போட்டிகளாக நடந்த உயரம் தாண்டுதலில் நான்காமிடமும் நீளம் தாண்டுதலில் ஏழாமிடமும் பெற்றபின், ஜூலை 13 முதல் 15 வரை நடந்த பத்துவகைப் போட்டியில் இறங்கினார். அவர் காட்டிய திறன்கள் வருமாறு: 100 மீட்டர் 11.2 விநாடி, நீளம் தாண்டுதல் 6.79 மீட்டர், குண்டு எறிதல் 12.89 மீட்டர், உயரம் தாண்டுதல் 1.87 மீட்டர், 400 மீட்டர் 52.2 விநாடி, வட்டு எறிதல் 36.98 மீட்டர், 110 மீட்டர் தடை ஓட்டம் 15.6 விநாடி, கோல் ஊன்றித் தாண்டுதல் 3.25 மீட்டர், ஈட்டி எறிதல் 45.70 மீட்டர், 1500 மீட்டர் 4 நிமிடம் 40.1 விநாடி.

இவ்வெண்களை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். குண்டு எறிதலில் முதல்வராக வந்தவரே 1500 மீட்டர் ஓட்டத்திலும் முதல்வர். உயரம் தாண்டுதலிலும் தடை ஓட்டத்திலும் அவரே முதல்வர். எஞ்சிய ஆறிலும் நான்காம் இடத்துக்குக் கீழே அவர் இறங்கவில்லை. முன்னர்ச் சொன்ன ஒன்றுக்கொன்று முரணான உடற்கூறுகள் யாவும் ஓருடலில் இசைந்து நின்றதை இவை காட்டுகின்றன. மேலும் இவை சாம்பல் தூவிய தடத்திலும், தோண்டிய மணற்குழியிலும், அக்காலத்து விறைத்த கோலைக் கொண்டும் செய்யப்பட்டவை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். இறங்கியோருள் பாதிக்கு மேற்பட்டோர் பத்தையும் முடிக்காமலே விலகினர்.

அன்றைய கணக்கின்படி தோர்ப் பெற்ற புள்ளிகள் 8412.955. இரண்டாவதாக வந்த சுவீடன் வீரர் ஹூகோ வீஸ்லாண்டர் பெற்றவை 7724.495. இடைவெளி 688 புள்ளிகளுக்கும் மேல். சுவீடன் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் பரிசளிக்கையில், தோர்ப்பை உலகின் தலைசிறந்த வீரர் என்று பாராட்டினார் என்றும், தோர்ப் மன்னர்க்குரிய மரியாதைச் சொற்கள் எதுவுமின்றி எளிமையாக நன்றி கூறினார் என்றும் ஒரு செய்தி நெடுநாளாய் வழங்குகின்றது. பதக்கங்களோடு மன்னரின் மார்பளவுச் சிலையும், ருசியப் பேரரசர் அளித்த கப்பல் வடிவான வெள்ளிக் கிண்ணமும் வெற்றிச் சின்னங்களாக அவருக்கு வழங்கப்பட்டன.

நாடு திரும்பியதும் நியூயார்க் நகரின் பிராட்வே வீதியில் மக்கள் காகிதத் துணுக்குகளைப் பூமாரியாகப் பொழிந்து வரவேற்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்கப் பல்வகைப் போட்டியில் 7476 புள்ளிகள் பெற்று, மார்ட்டின் ஷெரிடன் நாட்டியிருந்த 7385 என்னும் சாதனையை முறியடித்தார். நவம்பரில் கார்லைல் குழு வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியை 27-6 என்று வென்றது. தோற்ற குழுவில் ஆடியவருள் ஒருவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர்.

இடி விழுந்தது

1913 ஜனவரியில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வுஸ்டர் நகர நாளிதழ் ஒன்று, தோர்ப் முன்னர்க் கூலி பெற்று பேஸ்பால் ஆடியவர் என்னும் செய்தியை வெளியிட்டது. ஒலிம்பிக் பந்தயங்களில் அமெச்சூர் ஆட்டக்காரர், அதாவது ஊதியம் கருதாது ஆடுவோர், மட்டுமே கலந்துகொள்ளலாம் என்பது அன்றைய விதி. எந்த விளையாட்டில் கூலி பெற்றாலும் எல்லா விளையாட்டிலும் தகுதி போய்விடும். பேஸ்பாலில் பெற்ற இரண்டு டாலர், ஈட்டி எறியும் தகுதியைப் பறித்தது.

அமெரிக்க அமெச்சூர் விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்குத் தோர்ப் கடிதம் எழுதினார். தாம் ஆடியது உண்மை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். தாம் ஆடியது ஆட்டத்தின்மீது கொண்ட விருப்பினாலேயே என்றும், உலகியல் அறியாத இந்தியப் பள்ளி மாணவனாகிய தமக்கு அது குற்றமென்று தெரியாது என்றும், மற்ற மாணவர் செய்ததையே தாமும் செய்ததாகவும், அவர்களைப் போலப் பெயரை மறைக்கத் தமக்குத் தெரியவில்லை என்றும் அதில் கண்டிருந்தது. இதன் வாசகத்தில் வார்னரின் கை இருந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

சங்கம் இரங்கவில்லை. தோர்ப்பின் அமெச்சூர்த் தகுதி பின்னோக்கி நீக்கப்பட்டது. அனைத்துலக ஒலிம்பிக் குழு அதனை ஏற்று, அவர் பெயரை 1912 வெற்றியாளர் பட்டியலிலிருந்து எடுத்தது. பதக்கங்களும் வெற்றிச் சின்னங்களும் திருப்பி அனுப்பப்பட்டன. முதலிடம் வீஸ்லாண்டருக்கும் பியேவுக்கும் உரியதென எழுதப்பட்டது. அவ்விருவரும் அதை மகிழ்ந்து ஏற்கவில்லை என்பது அவர்தம் பெருமைக்குச் சான்று. களத்தில் தம்மை வென்றவர் யார் என்பதை அவர்கள் அறிவர்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழமொழி. தோர்ப் பெற்ற கூலிக்கும் அவர் இழந்ததற்கும் உள்ள வேறுபாடு அதனினும் பெரிது.

விதியின் பிறப்பு

அமெச்சூர் என்னும் கோட்பாடு கேட்பதற்கு உயர்ந்தது. விளையாட்டை விளையாட்டுக்காகவே ஆடுதல், பொருளுக்காக ஆடாமை என்பது அதன் சாரம். ஆனால் அதன் பிறப்பிடமான பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது எவ்வாறு வழங்கியது என்று காண வேண்டும். ஹென்லி படகுப் பந்தயத்தார் 1879 இல் வகுத்த இலக்கணத்தின்படி, கைத்தொழிலாளியும் கூலியாளும் அமெச்சூர் ஆகமாட்டார். பரிசுப் பணத்துக்காக ஆடாதவனாயினும், உடலுழைப்பால் வயிறு வளர்ப்பவன் என்ற ஒரு காரணமே அவனை விலக்கப் போதுமானதாயிற்று. செல்வரும் உயர்குடியினரும் உழைப்பாளரோடு தோளுரசாமல் விளையாடுவதற்கு அது வேலியாக அமைந்தது.

பின்னர் அச்சொற்கள் மெருகிடப்பட்டன, வேலி நின்றது. தந்தையின் செல்வத்தில் வாழும் மாணவனுக்கு வேனிற்காலம் ஓய்வுக்காலம். தாய் தந்தையற்ற தோர்ப்புக்கு அது சோற்றுக்கு வழி தேடும் காலம். ஒரே விதி இருவர்க்கும் சமமாகவே எழுதப்பட்டிருந்தது. எடுத்த எடுப்பில் ஒருவரை மட்டுமே அது தொட்டது.

இதனினும் வியப்பானது, கார்லைல் பள்ளியே ஆட்டத்தைப் பணமாக்கியது என்பது. மாணவர் ஆடினர், நுழைவுக் கட்டணம் பள்ளியின் விளையாட்டு நிதிக்குச் சென்றது, பயிற்சியாளர் நல்ல ஊதியம் பெற்றார். 1914 இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு நடத்திய விசாரணையில் அந்நிதி கையாளப்பட்ட முறையிலிருந்த சீர்கேடுகள் வெளிப்பட்டன. இப்பணத்தால் யாருடைய அமெச்சூர்த் தன்மையும் கெட்டதாக எவரும் கூறவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. ஸ்டாக்ஹோம் பந்தயங்களுக்கென வகுக்கப்பட்ட விதிகளிலேயே, ஒரு வீரரின் தகுதியைப் பற்றிய மறுப்பு எதுவாயினும் பரிசளிப்பு முடிந்த 30 நாள்களுக்குள் வந்து சேரவேண்டும் என்று எழுதியிருந்தது. தோர்ப்பைப் பற்றிய செய்தி வெளியானதோ ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழித்து. விதியின் பெயரால் தண்டித்தவர்கள் அவ்விதியையே மீறித் தண்டித்தனர். அன்று அதனை எடுத்துக்காட்டி வாதாட அவருக்கு எவரும் இல்லை.

தொழில்முறை ஆட்டக்காரர்

தகுதி போனபின் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. 1913 இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் பேஸ்பால் குழு அவரை ஒப்பந்தம் செய்தது. 1919 வரை அக்குழுவிலும் சின்சினாட்டி, பாஸ்டன் குழுக்களிலும் 289 பேராட்டங்களில் ஆடினார்.

கால்பந்தில் அவர் செய்தது இதனினும் பெரிது. 1915 இல் ஒகையோ மாநிலத்துக் கேண்டன் புல்டாக்ஸ் குழு, ஆட்டத்துக்கு 250 டாலர் ஊதியத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது. அன்று அது வியக்கத்தக்க தொகை. 1920 இல் கேண்டன் நகரில் தொழில்முறைக் கால்பந்துக் குழுக்கள் கூடி ஒரு சங்கம் கண்டபோது, அதன் முதல் தலைவராகத் தோர்ப்பையே தேர்ந்தெடுத்தன. அச்சங்கமே 1922 இல் தேசியக் கால்பந்துக் கழகம் எனப் பெயர் மாறி, இன்று உலகின் செல்வம் மிக்க விளையாட்டு அமைப்புகளுள் ஒன்றாக விளங்குகின்றது. 1922, 1923 ஆம் ஆண்டுகளில் பழங்குடியினர் மட்டுமே கொண்ட ‘ஊரங் இந்தியர்’ என்னும் குழுவையும் அவர் நடத்தினார். நாய்ப் பண்ணை ஒன்றுக்கு விளம்பரமாக அமைந்த குழு அது. இடைவேளைகளில் வேடிக்கைக் காட்சிகளும் காட்டவேண்டியிருந்தது. 1928 இல் ஏறத்தாழ நாற்பத்தோராம் வயதில் களத்தினின்றும் விலகினார்.

வறுமையும் புகழும்

அடுத்த ஆண்டே உலகைப் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. தோர்ப் கலிபோர்னியாவில் திரைப்படங்களில் சிறு வேடங்கள் ஏற்றார். கூலிக்கு மண் வெட்டினார். 1932 இல் ஒலிம்பிக் பந்தயம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கே வந்தபோது, நுழைவுச் சீட்டு வாங்க அவரிடம் பணமில்லை என்னும் செய்தி பரவியது. அப்போது துணை அதிபராயிருந்த சார்லஸ் கர்ட்டிஸ், தாய்வழியில் கா என்னும் பழங்குடி மரபினர். அவர் தோர்ப்பை அழைத்துத் தம்முடன் அமர்த்திக்கொண்டார். மக்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தனர். ஏட்டில் இல்லாத பெயர் மக்கள் நெஞ்சில் இருந்தது.

குடும்ப வாழ்விலும் அவர் அமைதி காணவில்லை. மூத்த மகன் குழந்தைப் பருவத்திலேயே மாண்டான். மும்முறை மணம் செய்தார். மதுவும் அவரை விடவில்லை. இவற்றை மறைத்து எழுதுதல் வரலாறாகாது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945 இல், வணிகக் கப்பலில் பணியாற்றினார்.

1950 இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விளையாட்டு எழுத்தாளரிடையே நடத்திய வாக்கெடுப்பில், இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியின் தலைசிறந்த விளையாட்டு வீரராகத் தோர்ப் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேஸ்பால் மன்னர் பேப் ரூத் அவருக்குப் பின்னரே வந்தார். அடுத்த ஆண்டு பர்ட் லங்காஸ்டர் நடிக்க அவர் வாழ்க்கை திரைப்படமாயிற்று. 1953 மார்ச் 28 ஆம் நாள், கலிபோர்னியாவின் லோமிட்டா என்னும் ஊரில், வண்டி வீடு ஒன்றில் வாழ்ந்திருந்த நிலையில் மாரடைப்பால் உயிர் நீத்தார்.

மாண்ட பின்னும் அலைச்சல் ஓயவில்லை. அவரது குடிமரபினர் ஒக்லஹோமாவில் இறுதிச் சடங்குகளைத் தொடங்கியிருக்க, மூன்றாம் மனைவி உடலை அங்கிருந்து எடுத்துச் சென்றார். பென்சில்வேனியாவில் நலிந்திருந்த இரண்டு சிற்றூர்கள், சுற்றுலாப் பயணியரை ஈர்க்கும் எண்ணத்துடன் ஒன்றிணைந்து, 1954 இல் ‘ஜிம் தோர்ப்’ என்று தம் பெயரையே மாற்றிக்கொண்டு அவ்வுடலைப் பெற்று அடக்கம் செய்தன. தந்தையின் எலும்புகள் முன்னோர் மண்ணுக்குத் திரும்பவேண்டும் என்று மைந்தர் 2010 இல் தொடுத்த வழக்கில், கீழ் நீதிமன்றம் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேல் நீதிமன்றம் 2014 இல் அதனை மாற்றியது. 2015 இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. அவர் உயிரோடிருந்தபோது கால் வைத்து வாழாத ஊரே இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நீண்ட வழக்கு

பதக்கங்களைத் திருப்பித் தரவேண்டும் என்னும் வேண்டுகோள் பலமுறை எழுந்து பலமுறை வீழ்ந்தது. 1952 முதல் 1972 வரை அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் தலைவராயிருந்தவர் ஏவரி பிரண்டேஜ் என்னும் அமெரிக்கர். அமெச்சூர் கொள்கையில் அசையாத பிடிப்புடையவர். இவரும் ஸ்டாக்ஹோமில் அதே இரண்டு போட்டிகளிலும் இறங்கியவர் என்பது நோக்கத்தக்கது. ஐவகைப் போட்டியில் ஆறாமிடம் பெற்றார். பத்துவகைப் போட்டியை முடிக்கவில்லை. அவர் தலைமையில் இருக்கும்வரை கதவு திறக்கவில்லை.

1973 இல், அறுபதாண்டுகளுக்கு முன் தண்டித்த அமெரிக்கச் சங்கமே அவரது அமெச்சூர்த் தகுதியை மீட்டளித்தது. அதன்பின் தோர்ப்பின் வரலாற்றை எழுதிய ராபர்ட் வீலரும் அவர் மனைவி புளோரன்ஸ் ரிட்லனும் பழைய ஏடுகளைத் துருவினர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 1912 ஆம் ஆண்டு விதிநூலைக் கண்டெடுத்து, 30 நாள் வரம்பை உலகறியக் காட்டினர். மன்னிப்பு வேண்டுதலாக இருந்தது அன்றுமுதல் உரிமை வழக்காயிற்று. விதிநூலை எதிரே வைத்தபின் மறுப்பதற்கு வழியில்லை.

1982 அக்டோபரில் ஒலிம்பிக் குழு இணங்கியது. 1983 ஜனவரியில் தோர்ப்பின் மக்களிடம் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அவை புதிதாக வார்த்தவை. ஆனால் நீதி பாதியே கிடைத்தது. ஏற்கெனவே முதல்வராக எழுதப்பட்ட வீஸ்லாண்டர், பியே ஆகியோருடன் இணைந்த வெற்றியாளராகவே தோர்ப் குறிக்கப்பட்டார். 688 புள்ளிகள் முந்தியவரும் பிந்தியவரும் சமம் என்று ஏடு கூறியது.

மேலும் நாற்பதாண்டுகள் முயற்சி தொடர்ந்தது. சுவீடன் ஒலிம்பிக் குழுவும் வீஸ்லாண்டர் குடும்பத்தினரும், வீஸ்லாண்டர் தமக்கு ஒதுக்கிய தங்கப் பதக்கத்தை என்றும் ஏற்கவில்லை என்றும், தோர்ப்பே தனி வெற்றியாளர் என்பதே அவர் கருத்து என்றும் சான்று கூறினர். நார்வே நாட்டினரும் பியே சார்பில் அவ்வாறே இசைந்தனர். 2022 ஜூலையில், வெற்றி பெற்ற நாளின் 110 ஆம் ஆண்டு நிறைவில், இரு போட்டிகளிலும் ஜிம் தோர்ப்பே தனி முதல்வர் என்று அனைத்துலக ஒலிம்பிக் குழு அறிவித்தது. 2024 மே மாதம், நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருதாகிய சுதந்திரப் பதக்கத்தை அமெரிக்க அதிபர் அவருக்கு அளித்தார்.

தோர்ப்பை வீழ்த்திய விதியும் இன்று இல்லை. 1970 களில் தளரத் தொடங்கிய அமெச்சூர்க் கட்டுப்பாடு படிப்படியாக நீங்கியது. 1992 இல் பார்சலோனா நகரில் கோடிக்கணக்கில் பொருளீட்டும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து வீரர்கள் ஒலிம்பிக் தங்கம் வென்றபோது, அவர்களிடம் கூலி பெற்றீரா என்று எவரும் கேட்கவில்லை.

விளையாட்டில் விதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. விதியில்லா ஆட்டம் ஆட்டமாகாது. ஆயினும் விதி எல்லார்க்கும் ஒன்றாக எழுதப்பட்டால் மட்டும் போதாது. எழுதியவாறு நடத்தப்படவும் வேண்டும். தண்டிக்கப்படுபவனுக்கு எதிரான வரி படிக்கப்படும்போது, அவனுக்குச் சார்பான வரியும் படிக்கப்படவேண்டும். 1913 இல் முதல் வரியைப் படித்தவர் பலர். இரண்டாம் வரியைப் படிப்பதற்கு எழுபதாண்டுகள் கழித்து இருவர் வரவேண்டியிருந்தது. அந்த விதிநூல் அதுவரை நூலகத்தில் மூடியே கிடந்தது.